நிறம் போன பின் சோழி

சோழியைப் பிடிக்காதவர் இல்லை. அதில் என்ன பிடிக்கிறது என்று கேட்டால் நிறத்தையும் பளபளப்பையும்தான் சொல்வோம். புலிச்சோழியின் புள்ளிகள், பணச்சோழியின் மஞ்சள், யாரும் தேய்க்காமலே வந்த மெருகு. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப்போன சோழிக்கு நிறமும் கிடையாது, மெருகும் கிடையாது. வெளிறிப்போன ஓர் உருவம் மட்டும்தான் உண்டு. அந்த உருவத்தைப் பார்த்துப் பத்து வரி எழுத வேண்டும். அதைப் படித்தவர், அதே இனத்து ஓடு வேறு எங்கே கிடைத்தாலும் இன்னதுதான் என்று கண்டுகொள்ள வேண்டும். கைத்திறன் என்றால் இதுவும் கைத்திறன்தான். இனவிளக்கம் என்று இதற்குப் பெயர். ரசித்துப் படிப்பவர் மிகக் குறைவு. ரசிக்கப் பழகிவிட்டால் விட முடியாது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் சோழியின் அமைப்பு விரல் வழியாகத்தான் முதலில் தெரிந்திருக்கும். லயத்து அஞ்சடியில் பல்லாங்குழி ஆடப் புளியங்கொட்டை போதும். அது தீர்ந்தால் ரப்பர் கொட்டை இருக்கவே இருக்கிறது. கம்பத்து மலாய்ப் பிள்ளைகளின் சொங்காக் பலகையிலும் இதே கதைதான். ஆனால் தாயம் உருட்டுகிற சோழியைப் பாட்டிமார் தனியே முடிந்து வைத்திருப்பார்கள். காரணம், கொட்டைக்கு முதுகும் இல்லை, வாயும் இல்லை. சோழிக்கு இரண்டும் உண்டு. முதுகு குவிந்தது, அடி தட்டையானது. உருட்டினால் ஒன்று கவிழும் அல்லது மல்லாரும். எத்தனை வாய் மேலே பார்க்கிறது என்பதுதான் ஆட்டத்தின் கணக்கு. அறிவியல் விளக்கமும் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

நெகிரியின் மண்ணில் இந்தக் கலைக்கு அவ்வளவாக வேலையில்லை. மேலே செம்மண், அடியில் பெரும்பாலும் கருங்கல். ஆனால் நம் பாட்டன்மாரில் பலர் கப்பலேறிய பழைய திருச்சி மாவட்டம் வேறு கதை. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கிரெடேசியஸ் காலத்தில் கடலடியாகக் கிடந்த நிலம். ஓடைக்கரையில் கல்லாகிப்போன சங்கும் நத்தையும் சிப்பியும் இன்றும் கிடைக்கின்றன. 1840 வாக்கில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய மூன்று பக்கங்களிலும் இவற்றைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றைப் பரிசோதித்து எழுதும் வேலை எட்வர்ட் ஃபோர்ப்ஸிடம் வந்தது. ஏஜியன் கடலில் கப்பலில் திரிந்து, கடலடியை வாரி, உயிருள்ள நத்தைகளைப் பார்த்துப் படித்தவர் அவர். அவருடைய அறிக்கை 1846இல் லண்டன் புவியியல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அதில் மூன்று சோழிகளுக்கு மூன்று மனிதர்களின் பெயர். ஒன்று கேயின் பெயரில், ஒன்று கன்லிஃபின் பெயரில். மூன்றாவது, சைப்ரியா நியூபோல்டி.

இந்த நியூபோல்ட் நமக்கு அந்நியர் அல்லர். தென்னிந்தியப் புவியியலைப் பற்றி விரிவாக எழுதிய தாமஸ் ஜான் நியூபோல்ட், சென்னைப் படையின் அதிகாரியாக 1830களில் மலாக்காவில் இருந்தவர். மலாக்கா நீரிணையின் பிரிட்டிஷ் குடியேற்றங்களைப் பற்றி 1839இல் இரண்டு பாகங்களாக அவர் வெளியிட்ட நூல், சுங்கை ஊஜோங், ரெம்பாவ், ஜொகோல் என்று நெகிரியின் பழைய நாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறது. ஈயம் எங்கே கிடைக்கிறது, யார் ஆள்கிறார், எந்த ஆற்றில் என்ன ஏறி இறங்குகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. அப்போது இங்கே ரப்பர் மரமே கிடையாது. சிரம்பான் வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் புரட்டுகிற அந்த நூலின் ஆசிரியர் பெயரைத்தான், நம் பாட்டன்மார் கடலின் மறுகரையில் கிடைத்த ஒரு கல்சோழி சுமக்கிறது. இப்படிப்பட்ட சோழியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது நமக்கு ஒரு கடமை மாதிரி.

ஓட்டைப் படிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் பிடிக்கும் முறை. உச்சி மேலே, வாய் நம்மைப் பார்த்தபடி. பெரும்பாலான நத்தைகளுக்கு அப்போது வாய் வலப்பக்கம் இருக்கும். பழைய பிரெஞ்சு நூல்களில் உச்சியைக் கீழே வைத்து வரைவது வழக்கம். அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனத்துக்குள் ஒருமுறை திருப்பிக்கொள்ள வேண்டும். பிடித்தாயிற்று என்றால் தூரத்திலிருந்து கிட்டே வர வேண்டும். மொத்த உருவம் எப்படி, உயரமா அகலமா. உச்சி நீண்டதா, அமுங்கியதா. சுற்றுகள் எத்தனை, அவை புடைத்தவையா, தட்டையானவையா. ஒரு சுற்று மற்றதைத் தொடும் கோடு ஆழமா, மேலோட்டமா. மேற்பரப்பில் ஓடும் வரிகள் சுற்றோடு போகின்றனவா, சுற்றை வெட்டிக்கொண்டு உச்சியிலிருந்து இறங்குகின்றனவா. கடைசியாக வாய்: அதன் வடிவம், உள்ளுதடு, வெளியுதடு, நடுத்தண்டில் மடிப்பு உண்டா, நீர்க்குழலுக்கு இடம் விட்டிருக்கிறதா.

இந்த வரிசை சும்மா வந்ததில்லை. பார்வை முதலிலேயே ஒரு கவர்ச்சியான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டால் மற்றதைக் காணாமல் விட்டுவிடும். அரியலூர்ப் படிவங்களில் டரிடெல்லா என்ற நத்தை உண்டு. நெடிய, ஒல்லியான, பல சுற்றுள்ள ஓடு. எடுத்த எடுப்பில் எல்லா டரிடெல்லாவும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு அதில் ஓடும் வரிகளைப் பாருங்கள். எந்த வரி தடித்தது, அது சுற்றின் நடுவில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா, இரண்டு தடித்த வரிகளுக்கு நடுவே மெல்லியது உண்டா? இனத்துக்கு இனம் மாறும் அடையாளம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. இதற்கு நேர்மாறு பக்னெல்லஸ் அன்கேட்டஸ். இதற்கும் ஃபோர்ப்ஸ்தான் 1846இல் இனப்பெயர் இட்டார். வளர்ந்த பிறகு இந்த இனம் தன் ஓட்டின் மேலேயே சுண்ணத்தைப் பூசிப்பூசி உச்சியை மூடிக்கொள்ளும். வெளியுதடு தடித்து விரிந்து கொக்கியாக வளையும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. அப்படிப்பட்ட ஓட்டை விவரிப்பதில் பெரிய சாமர்த்தியம் இல்லை. அது தன்னைத்தானே சொல்லிவிடுகிறது.

சோழிதான் எழுதுகிறவனைச் சோதிக்கும். மற்ற நத்தைகள் காட்டுகிற எல்லாவற்றையும் அது மறைத்துவிடுகிறது. உச்சி எங்கே? சுற்றுகள் எங்கே? வரிகள் எங்கே? ஒன்றையும் காணோம். பிறக்கும்போது சோழியும் சாதாரண நத்தைதான். குஞ்சுச் சோழிக்கு மெல்லிய ஓடு, அகன்ற வாய், கண்ணுக்குத் தெரியும் சிறு உச்சி. சோழி என்று சொன்னால் நம்ப முடியாது. வளரும்போது கடைசிச் சுற்று பெருத்து மற்ற எல்லாவற்றையும் தனக்குள் சுருட்டிக்கொள்கிறது. பிறகு வெளியுதடு உள்பக்கமாக மடங்குகிறது, வாய் குறுகி ஒரு பிளவாகிறது, இரண்டு உதட்டிலும் பற்கள் எழுகின்றன. அத்தோடு நீள வளர்ச்சி நின்றுவிடும். அதற்குமேல் சதை மடல்கள் இரண்டு பக்கமும் வெளியே வந்து, ஓட்டைப் போர்த்திக்கொண்டு, அதன்மேல் பூச்சுப் பூசும். சோழிக்கு மெருகு வந்தது அப்படித்தான். இரண்டு மடல்களும் முதுகில் சந்திக்கிற இடத்தில் பல சோழிகளில் ஒரு கோடு தெரியும்.

இது தெரிந்துவிட்டால் கல்சோழியின் வாய் ஒரு ஜாதகம் படிக்கிற மாதிரி படிக்கக் கிடைக்கும். பல் இருந்தால் அது முழுவளர்ச்சி அடைந்தது. உதடு மெலிந்து, வாய் அகன்று, பல் இல்லாமல் இருந்தால் குஞ்சு. ஒரே இனத்தின் குஞ்சையும் பெரியதையும் இரண்டு இனம் என்று எழுதிவிடாமல் காப்பாற்றுவது இந்த ஒரு பார்வைதான்.

உயிருள்ள சோழிகளைப் பிரிக்க நிறம் பெரிய துணை. முதுகில் பொன் வளையம் இருந்தால் ஒன்று, புள்ளி இருந்தால் வேறொன்று. கல்லான சோழியில் அந்தத் துணை கிடையாது. அங்கே கேட்க வேண்டியவை வேறு. முதுகின் உச்சிமேடு நடுவிலா, பின்பாதியிலா? பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் வளைவு இரண்டு முனைக்கும் ஒரே சீராக இறங்குகிறதா, ஒரு பக்கம் சட்டென்று சரிகிறதா? ஓரங்கள் தடித்து அடியோடு ஒரு விளிம்பு காட்டுகின்றனவா, உருண்டையாகவே திரும்பிவிடுகின்றனவா? வாய்ப்பிளவு நேராகப் போய்க் கடைசியில் வளைகிறதா, தொடக்கத்திலிருந்தே வளைவா? பற்கள் உதட்டோரத்தோடு நின்றுவிட்டனவா, அடிப்பரப்பின் குறுக்கே நீள்கின்றனவா? வெளியுதட்டுப் பல்லும் உள்ளுதட்டுப் பல்லும் ஒரே பருமனா?

கையில் ஒரு பணச்சோழி இருந்தால் நிறத்தைப் பற்றி வாய் திறக்காமல் எழுதிப் பார்க்கலாம். "ஓடு சிறியது, கனமானது, நீளத்தோடு ஒப்பிட்டால் அகலமானது. பின்பாதியில் இருபுறமும் மேடு. மேலிருந்து பார்த்தால் ஓரத்தில் மூலைகள் தெரியும். அடி தட்டை. வாய்ப்பிளவு ஒடுங்கியது, ஏறக்குறைய நேரானது. பற்கள் ஓர் உதட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு. குட்டையானவை, தடித்தவை, இடைவெளி விட்டவை." மஞ்சள் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனாலும் தாயம் ஆடியவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதுதான் இந்தக் கலையின் வெற்றி.

எழுதுகிறவனுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பால்மரம் வெட்டியவர்களுக்கு அது உடனே புரியும். கத்தி பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்று கைக்குத் தெரியும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம் பட்டு, ஆறுகிற இடத்தில் முடிச்சு விழும், மறுபடி அந்தப் பட்டையில் ஒழுங்காக வெட்ட முடியாது. இனவிளக்கமும் அந்த ஆழத்தில் நிற்க வேண்டும். பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் படிப்பவனுக்குப் பயன் இல்லை. பார்த்ததைத் தாண்டி ஊகத்துக்குள் போய்விட்டால் பின்னால் வருகிறவர்கள் அந்த முடிச்சோடு போராட வேண்டியதுதான். ஃபோர்ப்ஸ் புதுச்சேரிப் படிவங்களை மூன்று இடத்துப் படிவங்களிலும் பழையவை என்று கருதினார். பின்னால் வந்தவர்கள் அவை உண்மையில் இளையவை என்று காட்டினார்கள். காலக்கணக்கில் அவர் சறுக்கினார். ஓட்டைப் பார்த்து எழுதிய வரிகளோ தாக்குப்பிடித்தன. அவர் இட்ட இனப்பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

இந்தக் கலையில் தென்னிந்தியாவுக்கு வாய்த்த பெரிய கை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. மொராவியாவில் 1838இல் பிறந்து, வியன்னாவில் படித்து, 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். அவருக்கு முன்பே ஹென்றி பிளான்ஃபோர்ட் திருச்சி, தென்னார்க்காடு நிலத்தை நடந்து அளந்து, படிவங்களை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தார். அங்கே சேர்ந்த ஓடுகள் கல்கத்தாவில் குவிந்திருந்தன. ஸ்டோலிக்ஸ்கா உட்கார்ந்து எழுதினார். நத்தைகளுக்கு மட்டும் 1867–68இல் தனிப் பாகம். ஏறத்தாழ 500 பக்கம், கூடவே கல்லச்சில் அடித்த 28 படத்தாள்கள். ஃபோர்ப்ஸ் பெயரிட்ட சோழிகளை மறுபடி எடுத்துப் பார்த்ததோடு புதிய சோழிகளையும் சேர்த்தார். ஆல்ப்ஸ் மலையின் கோசாவ் படிவ நத்தைகளை அதற்கு முன்பே அவர் ஆராய்ந்து முடித்திருந்தார். அதனால் அரியலூர் ஓட்டைக் கையில் எடுக்கும்போதே அவர் மனத்தில் ஆஸ்திரிய ஓடு ஒன்று பக்கத்தில் வந்து நின்றுவிடும். நல்ல இனவிளக்கத்தில் பாதி இப்படிப்பட்ட ஒப்பீடுதான்: அதைவிட இது பருத்தது, அதன் பல்லைவிட இதன் பல் நெருக்கம், மற்றபடி உறவு நெருங்கியது.

ஸ்டோலிக்ஸ்காவுக்கும் நம் தீபகற்பத்துக்கும் தொடர்பு உண்டு. பினாங்குத் தீவின் நிலநத்தைகளைப் பற்றி 1872–73இல் அவர் எழுதிய கட்டுரைகளில் ஓட்டோடு நிற்காமல் உள்ளிருக்கும் உயிரின் உடலையும் அறுத்துப் பார்த்து எழுதினார். கல்லில் உடல் கிடைக்காது என்று தெரிந்தவர், உயிரோடு கிடைத்த இடத்தில் ஒன்றையும் விடவில்லை. 1874 ஜூன் 19 அன்று யார்க்கந்து பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் மலைப்பகுதியில் இறந்துபோனார். வயது 36. கல்லறை லே நகரில் இருக்கிறது.

கல்லான ஓடு முழுசாக வருவது அபூர்வம். நத்தையின் ஓடு பெரும்பாலும் அரகோனைட் என்ற சுண்ணத்தால் ஆனது. நிலத்தடி நீரில் எளிதில் கரையும். ஓடு கரைந்துபோய், உள்ளே நிரம்பிய சேறு மட்டும் இறுகி அச்சாக மிஞ்சுவது சர்வசாதாரணம். அந்த உள்வார்ப்பைப் பார்த்து மேற்பரப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. சோழியின் உள்வார்ப்பிலோ பற்கள் இருந்த இடத்தில் பள்ளங்கள் தெரிந்தாலும் தெரியும். இந்த வித்தியாசத்தை எழுத்தில் காட்டுகிறவர்தான் நாணயமானவர். "உச்சி உடைந்தது", "வெளியுதடு இல்லை", "முதுகு தேய்ந்தது" என்ற சின்னச்சின்ன வாக்கியங்களை நான் மிகவும் மதிக்கிறேன். இல்லாததை இல்லை என்று எழுதுவதற்குத் தைரியம் வேண்டும்.

திருச்சிக்கு அருகே கருடமங்கலம் பக்கம் கிடைக்கும் ஓட்டுச் சுண்ணக்கல்லைத் திருச்சி மார்பிள் என்பார்கள். சாம்பல் கலந்த நீலக் கல்லில் வெள்ளை ஓடுகள் பதிந்திருக்கும். அதை அறுத்து மெருகேற்றிக் காகிதப் பளு போன்ற அழகுப் பொருள்கள் செய்தார்கள். மேசையில் வைத்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் இனம் எழுதுகிறவனுக்கு அந்தக் கல் பெரிதாக உதவாது. அறுத்த வாள் ஓட்டின் எந்த இடத்திலும் குறுக்கே போயிருக்கும். வாயும் தெரியாது, உதடும் தெரியாது. அலங்கார அழகு வேறு, ஆளை அடையாளம் காட்டுகிற அழகு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்றைக்குக் கேமரா இருக்கிறது, கல்லை உடைக்காமலே உள்ளே பார்க்கும் ஸ்கேன் இருக்கிறது, இன்னுமா சொற்கள் என்று கேட்கலாம். விலங்குகளின் பெயர்களுக்கான பன்னாட்டு விதி இதற்குப் பதில் சொல்கிறது. 1930க்குப் பிறகு வைக்கப்படும் ஓர் இனப்பெயர் செல்ல வேண்டுமானால், அந்த இனத்தின் அடையாளங்கள் சொற்களில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். படம் மட்டும் போதாது. படம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் காட்டும். அவற்றில் எது முக்கியம் என்று சொல்லாது. பல்லின் நீளமா, முதுகின் வளைவா என்று விரலால் தொட்டுக் காட்டுவது சொல்தான்.

அந்தச் சொற்கள் தமிழிலும் இருக்க முடியும். முதுகு, வாய், உதடு, பல், சுற்று, உச்சி, தண்டு, மடிப்பு, வரி, விளிம்பு என்று வேண்டிய சரக்கு அத்தனையும் வீட்டிலேயே இருக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் "நான் ஒரு பேனா" என்று கட்டுரை எழுதவைக்கிறோம். ஒரு சோழியைக் கையில் கொடுத்து, நிறத்தைச் சொல்லாமல் பத்து வரி எழுது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். எழுதிய தாள்களைக் கலைத்துப்போட்டு, எந்தத் தாள் எந்தச் சோழிக்கு என்று மற்றப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். மொழிப்பாடம், அறிவியல் பாடம் இரண்டும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

அரியலூர்ப் பக்கம் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்த மாவட்டத்துச் சுண்ணக்கல் சிமெண்ட் ஆலைகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் போர்ட்டிக்சன் கடற்கரை இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குப் போகும்போது ஒரு வெற்று ஓட்டை எடுத்து, உச்சியை மேலே வைத்து, வாயைப் பார்த்து எழுதத் தொடங்குங்கள். உயிர் உள்ளே இருந்தால் மட்டும் திரும்பக் கடலில் விட்டுவிடுங்கள்.